ஈரோடு கோர்ட்டிலிருந்து திருப்பூர் கம்பெனிக்கு

வக்கீல் தொழிலை விட்டு வேறு வேலைக்குப் போகலாமா என்று என்னிடம் கேட்கும் ஜூனியர்கள் எல்லோரும் முதலில் சம்பளத்தைத்தான் விசாரிக்கிறார்கள். வேலை எப்படியாவது கிடைத்துவிடும். கையில் இருக்கும் கேஸ் கட்டுகளை ஒழுங்காக ஒப்படைத்துவிட்டு வெளியே வருவதுதான் பெரும்பாடு.

நான் ஈரோட்டில் சிவில் பக்கம் இருந்தேன். பாகப்பிரிவினை, வழித்தட வழக்கு, இடையிடையே செக் கேஸ். விட்ட காரணத்தில் பெரிய கதை எதுவும் இல்லை. வாய்தா தள்ளினால் ஃபீஸும் தள்ளும், வீட்டுக் கடன் தவணை தள்ளாது. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும், மற்ற ஊர்களில் 15,000 என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொன்னது. என் காலத்தில் பஸ் செலவுக்குக் கிடைத்தால் சரி. ஆனாலும் என் சீனியரைக் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் கற்ற குறுக்கு விசாரணைதான் இன்றைக்கும் சோறு போடுகிறது.

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி கம்பெனியில் ஒப்பந்தங்களைப் பார்க்கும் வேலை கிடைத்தது. முழுநேரச் சம்பள வேலைக்குப் போனால், வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான இந்திய பார் கவுன்சிலின் விதிகளில் 49ஆவது விதி குறுக்கே நிற்கும். வேலையில் சேர்ந்ததைப் பதிவு செய்த பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துவிட வேண்டும், அந்த வேலையில் இருக்கும்வரை பிராக்டிஸ் பண்ணக் கூடாது. ஆக, முதலில் கட்டுகள், பிறகு பார் கவுன்சில், கடைசியில் வேலை. அதனால் சேரும் தேதியைத் தள்ளித் தரச் சொன்னேன். "ரிசைன் லெட்டர் குடுத்துட்டு வர வேண்டியதுதானே மேடம்?" என்றார் எச்.ஆர். பையன். கோர்ட்டில் யாரிடம் போய் ரிசைன் லெட்டர் கொடுப்பது?

வக்காலத்து என்பது கட்சிக்காரருக்காக ஆஜராக வக்கீலுக்கு அதிகாரம் தரும் பத்திரம். போட்ட வக்காலத்து சும்மா காலாவதியாகாது. சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 3 விதி 4இன்படி, கோர்ட் அனுமதியோடு முடித்துக்கொள்ளும்வரை அது உயிரோடுதான் இருக்கும். கட்சிக்காரர் வேறு வக்கீல் வைத்துக்கொண்டால் சுலபம். புது வக்காலத்தில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். ஊரை விட்டே போனவர்கள்தான் சிக்கல். அவர்களுக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, அது "விலாசத்தில் இல்லை" என்று திரும்பி வர, அந்த உறையையும் சேர்த்து மெமோ போட்டு நீதிபதியிடம் அனுமதி வாங்கினேன்.

மூலப் பத்திரங்கள் தனி விஷயம். ஒவ்வொன்றையும் பட்டியல் போட்டுக் கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து வாங்கினேன். ஃபீஸ் பாக்கி வைத்தவர்களுக்கும் கொடுத்தேன். பாக்கிக்காகக் கேஸ் கட்டைப் பிடித்து வைக்கும் உரிமை வக்கீலுக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. மனசு வலித்தாலும் சரியான தீர்ப்பு என்றே சொல்வேன். செய்யாத வேலைக்கு வாங்கியிருந்த பணத்தையும் திருப்பினேன், விதியும் அதைத்தான் சொல்கிறது. பவானிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பணத்தை வாங்கவே மாட்டேன் என்றார். "பாதியில உட்டுட்டுப் போறீங்களேங்க வக்கீலம்மா, புது வக்கீலுக்கு எங்க வாய்க்காலு தெரியுமுங்களா?" என்று கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை புது வக்கீலையும் கூட்டிக்கொண்டு போய் அந்த வாய்க்கால் கரையில் நடந்து காட்டிவிட்டு வந்தேன். அதற்கப்புறம்தான் புது வக்காலத்தில் கையெழுத்துப் போட்டார்.

இதோடு ஒப்பிட்டால் பார் கவுன்சில் வேலை ஒன்றுமே இல்லை. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்துக்குப் போய், பதிவை நிறுத்தி வைக்கச் சொல்லி விண்ணப்பம் கொடுத்து, சான்றிதழ் அசலையும் அடையாள அட்டையையும் ஒப்படைத்தேன். பெயரையே நீக்கச் சொல்லாதீர்கள், நிறுத்தி வைக்கச் சொன்னால் போதும். வேலையை விட்டால் மறுபடி உயிர்ப்பிக்கக் கேட்கலாம்.

கம்பெனியில் முதல் அதிர்ச்சி, யாரும் சட்டப்பிரிவு கேட்காததுதான். "இதுல எங்க மாட்டுவோம்?" இது ஒன்றுதான் கேள்வி. கோர்ட்டில் சண்டை முடிந்த பிறகு காகிதம் நம் கைக்கு வரும், இங்கே சண்டைக்கு முன்னாலேயே வருகிறது. சரக்கு தாமதமானால் பையர் எவ்வளவு கழிப்பான், வழக்கு என்று வந்தால் எந்த ஊர்க் கோர்ட் என்பதையெல்லாம் ஆர்டர் தாளிலேயே பார்த்துச் சண்டை போட வேண்டும். இன்னொரு பக்கம் எங்களுக்கு வேலை செய்து தரும் சாயப்பட்டறை, நிட்டிங் என்று சிறு யூனிட்டுகள். குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இது 2006ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் 43பி(எச்) என்று வருமான வரியில் ஒரு கொக்கி போட்ட பிறகுதான் அக்கவுண்ட்ஸ் அறை அலறியது. கெடு தாண்டிய பாக்கியை, கொடுத்த வருஷத்தில்தான் செலவாகக் காட்ட முடியும். யாருக்கு எத்தனை நாள் என்று அக்கவுண்டண்ட்டோடு உட்கார்ந்து பிரித்ததுதான் அங்கே நான் செய்த முதல் உருப்படியான வேலை.

நீதிபதி தேர்வு ஆசை இருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். சிவில் நீதிபதி பதவிக்கு மூன்று வருட பிராக்டிஸ் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் மறுபடி கொண்டுவந்துவிட்டது. கம்பெனிச் சம்பளத்தில் இருக்கும் வருடம் அந்தக் கணக்கில் வராது.

சிலர் "ரீடெய்னர்னு போட்டுக்கங்க, பதிவையும் வெச்சுக்கங்க" என்று யோசனை சொல்வார்கள். ரீடெய்னர் என்றால் வேலையில் சேராமல், ஆலோசனைக்குத் தொகை வாங்கிக்கொள்ளும் வெளி வக்கீல். நிஜமாகவே அப்படி என்றால் தாராளமாக இருக்கலாம். தினமும் பஞ்ச் வைத்து, பி.எஃப். பிடித்து, லீவுக்கு மெயில் போட்டால் அது வேலைதான், பெயரை மாற்றி எழுதினால் மாறிவிடாது. இன்னொன்று, கம்பெனிச் சம்பளத்தில் இருக்கும் சட்ட ஆலோசகருக்கு, பிராக்டிஸ் செய்யும் வக்கீலுக்கு உள்ள ரகசியக் காப்பு, அதாவது கட்சிக்காரரோடு பேசியதை வெளியிடச் சொல்ல முடியாது என்ற பாதுகாப்பு, கிடையாது என்று 2025 அக்டோபர் கடைசியில் தீர்ப்பு வந்தது. அதனால் சங்கடமான விஷயம் என்றால் நான் மெயிலில் எழுதி வைப்பதில்லை. எம்.டி.யைக் கூட்டிக்கொண்டு வெளி வக்கீல் ஆபீஸுக்கே போய்விடுகிறேன்.