கடை கம்ப்யூட்டரைத் துடைத்த கதை

அக்டோபர் 11, 2025, சனி

கோத்தகிரியில் காலையிலிருந்தே பனிமூட்டம். ஷட்டரைப் பாதி தூக்கினாலே கடைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பேப்பர் அலமாரியில் குண்டு பல்பு எரியவிட்டிருக்கிறேன். இல்லாவிட்டால் ஈரம் ஏறி, ஜெராக்ஸ் மெஷினில் இரண்டுக்கு ஒரு தாள் சிக்கும்.

கம்ப்யூட்டர் விஷயத்தை இனியும் தள்ளிப்போட முடியாது. விண்டோஸ் 10-க்கு வருகிற 14-ஆம் தேதியோடு பாதுகாப்பு அப்டேட் நிற்கிறது. விண்டோஸ் 11 போடலாமென்றால் இன்டெலில் எட்டாம் தலைமுறை சிப்பாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் வேண்டும். என்னுடையது ஆறாம் தலைமுறை ஐ3. குறுக்கு வழியில் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பிழைப்பு நடக்கிற மெஷினில் அந்த விளையாட்டு வேண்டாம். 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு வாங்கிக்கொள்ளலாமாம். வாங்கினால் அடுத்த வருடம் இதே மாதம் இதே தலைவலி.

கோவையில் படிக்கிற அக்கா மகன் போனில் சொன்னான்: “மாமா, லினக்ஸ் மின்ட் போட்டுடுங்க. மொத்தமா துடைச்சுட்டுப் போடுங்க.” விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற சிஸ்டம் அது. துடைப்பது என்ற சொல்லை இந்தப் பிள்ளைகள் எவ்வளவு லேசாகச் சொல்கிறார்கள்! அவன் அக்காவுக்குக் கிடைத்த அரசு இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் என்கிற இந்திய லினக்ஸும் இருந்தது. இடத்தை அடைக்கிறதென்று அதை அழித்துக் கொடுத்தவன் நான்தான்.

அக்டோபர் 12, ஞாயிறு

கடை லீவு. மின்ட் 22.2-ஐ இறக்கினேன். கிட்டத்தட்ட 3 ஜிபி. மலையில் நெட் வருவது மழை விட்டு விட்டுப் பெய்வது மாதிரி. மூன்று தடவை அறுந்து, சாயங்காலம்தான் முடிந்தது. ஃபைல் சரியாக வந்ததா என்று பார்க்க 64 எழுத்து சரிபார்ப்புக் குறியீடு ஒன்று உண்டு. முதல் நாலும் கடைசி நாலும் ஒத்துப்போனால் போதாதா என்றேன். “பத்திரத்துல சர்வே நம்பரை அப்படித்தான் பார்ப்பீங்களா மாமா?” என்றான். 64-ஐயும் பார்த்தேன். சரியாக இருந்தது.

அப்புறம் பேக்கப். டெஸ்க்டாப், டி டிரைவ், டவுன்லோட்ஸ், பிரவுசர் புக்மார்க், வைஃபை பாஸ்வேர்டு எல்லாம் எடுத்தாயிற்று. மனு ஃபோல்டர் மட்டும் 2008-லிருந்து இருக்கிறது: கூட்டுப்பட்டாவைப் பிரிக்க, வாரிசுச் சான்று கேட்க, குடிநீர்க் குழாய் கேட்க, தெருவிளக்கு கேட்க. இந்த வட்டாரத்தின் பாதிக் குறைகள் என் ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கின்றன.

அக்டோபர் 14, செவ்வாய்

விண்டோஸ் 10-இன் கடைசி நாளிலேயே வேலையை வைத்துக்கொண்டேன். வேண்டுமென்று பார்த்த நாள் இல்லை, இன்றைக்குத்தான் கூட்டம் குறைவு.

பென்டிரைவைச் செருகி, எஃப்12 தட்டி, அதிலிருந்தே மின்ட்டைத் திறந்தேன். இதில் ஒரு நல்லது, டிஸ்க்கைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். பிரிண்டரில் சோதனைத் தாள் ஒழுங்காக வந்தது. வைஃபை மட்டும் இல்லை, அந்த கார்டுக்கு டிரைவர் தனியாகப் போட வேண்டுமாம். போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி நெட்டைக் கொடுத்தேன், போதும்.

நிறுவப்போகும் முன் பேக்கப் டிஸ்க்கைக் கழற்றி மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டினேன். மருமகன் சொல்லாமல் நானே செய்த ஒரே புத்திசாலித்தனம் அது. எந்த டிஸ்க்கை அழிக்க என்று கேட்கும் இடத்தில் இரண்டு டிஸ்க் தெரிந்தால் கை தவறாது என்று என்ன நிச்சயம்? எனக்கு ஒன்றுதான் தெரிந்தது, 240 ஜிபி எஸ்எஸ்டி. முழுவதும் அழி என்பதைத் தேர்ந்தெடுத்து அழுத்தினேன். பதினேழு வருடம் போக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

பாதிக்கு மேல் போயிருக்கும், கரன்ட் போயிற்று. மேலே எங்கோ லைன் மேல் மரம் விழுந்ததாம். யுபிஎஸ் பத்து நிமிஷம் கத்திவிட்டு அடங்கியது. கரன்ட் வந்து ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் மின்னுகிறது. வயிற்றைப் பிசைந்தது. போன் போட்டால் அவன் சிரிக்கிறான்: “அதுல இப்ப என்ன மாமா இருக்கு, போறதுக்கு? முதல்லேருந்து போடுங்க.” வாஸ்தவம்தான். பக்கத்து டீக்கடையில் வர்க்கி தின்றுவிட்டு வந்து முதலிலிருந்து போட்டேன். இருபது நிமிஷத்தில் முடிந்தது.

அக்டோபர் 15, புதன்

தமிழ் டைப் அடிக்க வழி தேடியதில் காலை போயிற்று. தமிழ்99 விசைப்பலகை முறை உடனே கிடைத்தது. என் விரலோ ‘யளனக’வில் பழகியது, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். பழைய தட்டச்சு முறையும் இருக்கிறது என்று பிறகு தெரிந்தது. மற்றதெல்லாம் சொல்லும்படி இல்லை.

அக்டோபர் 17, வெள்ளி

தீபாவளிக்கு முந்தைய வெள்ளி, கடையில் நிற்க இடமில்லை. அந்த நேரத்தில் மேல் ஹட்டிப் பெரியவர் வந்தார். 2014-இல் அவருக்குக் கூட்டுப்பட்டா பிரிக்க ஒரு மனு அடித்துக் கொடுத்தேன். அதே மாதிரி இப்போது தம்பிக்கு வேண்டும்.

ஃபைலைத் திறந்தேன். திரை முழுக்க இங்கிலீஷ் எழுத்து. வார்த்தை ஒன்றும் இல்லை, வெறும் எழுத்து. ‘தமிழ்நாடு’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆரம்பிக்கிறது. உடனே புரிந்துவிட்டது: பாமினி ஃபான்ட். அந்தக் காலத்து ஃபைலில் தமிழ் என்று ஒன்று கிடையாது. ‘ஜே’ என்ற இங்கிலீஷ் எழுத்துக்கு ‘த’ என்று சட்டை போட்டுவிட்டது ஃபான்ட்தான். சட்டையைக் கழற்றினால் உள்ளே ‘ஜே’தான். 2010-இல் கோவை செம்மொழி மாநாட்டின்போதே தமிழ் எழுத்துக்குத் தனிக் குறியீடே தருகிற யூனிகோடுக்கு மாற அரசு சொல்லிவிட்டது. எனக்குத்தான் விரல் மாறவில்லை.

ஃபைல்களையெல்லாம் எடுத்தவன், நூறு கேபி கூட வராத ஃபான்ட்டை எடுக்கவில்லை. அது சி டிரைவில், விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருந்தது. அங்கே நம் பொருள் என்ன இருக்கப்போகிறது என்று விட்டது.

“திங்கள் தீபாவளி, அது முடிஞ்சு வாங்கய்யா” என்றேன். அவர் திரையை எட்டிப் பார்த்து, “என்ன தம்பி, கம்ப்யூட்டர் வெளிநாடு போயிடுச்சா?” என்றார்.

அக்டோபர் 18, சனி

ராத்திரி படுத்தபின் ஞாபகம் வந்தது. எஸ்எஸ்டி போட்டபோது கழற்றிய பழைய 500 ஜிபி டிஸ்க் பரணில் இருக்கிறது! தூசி தட்டி, யுஎஸ்பி கேபிளில் மாட்டினேன். கரகரவென்று ஒரு சத்தம், பிறகு திறந்துவிட்டது. ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் பாமினி இருந்தது. இரட்டைச் சொடுக்கு, இன்ஸ்டால். மனுவை மறுபடி திறந்தால், ‘ஐயா, வணக்கம்’ என்கிறது.

அக்டோபர் 23, வியாழன்

மனுக்களை யூனிகோடுக்கு மாற்றுகிறேன், ஒரு நாளைக்குப் பத்து வீதம். மாற்றித் தருகிற மென்பொருள் நன்றாகவே வேலை செய்கிறது. பாமினியில் ‘கெ’ அடிக்கக் கொம்பு முதலில், ‘க’ பிறகு. யூனிகோடில் ‘க’ முதலில். அதையெல்லாம் சரியாகத் திருப்பிப் போட்டுவிடுகிறது. ஆனால் எது தமிழ், எது நிஜமான இங்கிலீஷ் என்று அதற்குத் தெரியாது. இருப்பதையெல்லாம் தமிழாக்கிவிடும்.

பெரியவர் வந்தார். பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, தாளை மூக்குக்கருகே வைத்து, விலாசத்தை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

“தம்பி, இங்க ‘மெயின் சுழயன’ன்னு போட்டிருக்கே, அது எந்தப் பக்கம் இருக்கு?”

நான் வாங்கிப் பார்த்தேன். ‘ரோடு’ என்று இங்கிலீஷில் அடித்திருந்த இடம்.