டப்ளினில் படித்த துப்பறியும் நாவல்

டப்ளினுக்கு வந்த புதிதில், கடல் தெரியாத இடமாகப் பார்த்துத்தான் வீடு பிடித்தேன். லுவாஸ் டிராமின் சிவப்புத் தடம் முடிகிற டாலா பகுதி. நாகப்பட்டினத்துக்காரி ஏன் கடலைவிட்டு இவ்வளவு தள்ளி இருக்கிறாள் என்று கேட்க இங்கே ஆளில்லை.

நூலகத்தில் சேரக் காசு வேண்டாம். 2019-இலிருந்து தாமதக் கட்டணமும் கிடையாது. ஊர் பழகட்டுமே என்று டப்ளினில் நடக்கிற கதையாகக் கேட்டேன். டானா பிரெஞ்ச் 2007-இல் எழுதிய ‘இன் தி வுட்ஸ்’ நாவலைத் தந்தார்கள்.

1984 கோடை. பன்னிரண்டு வயதுக் கூட்டாளிகள் மூவர் காட்டுக்குள் விளையாடப் போகிறார்கள். ஒருவன் மட்டும் கிடைக்கிறான்: ஓக் மரத்தில் நகங்கள் பதிய ஒட்டிக்கொண்டு, காலணியெல்லாம் ரத்தமாக. என்ன நடந்ததென்று நினைவே இல்லை. பெயரை மாற்றிக்கொண்டு வளர்ந்து, போலீஸாகி, அதே காட்டோரம் நடந்த ஒரு சிறுமியின் கொலையை விசாரிக்க வருகிறான். பழைய வழக்கு மட்டும் கடைசிவரை துலங்குவதில்லை. அதற்காகக் கோபப்படும் வாசகர்கள் உண்டு. எனக்கு அதுதான் நியாயமாகப் பட்டது.

ஊரும் பழகியது. கதையில் தொல்லியல் அகழ்வு நடக்கும் நிலத்தின் மேல் மோட்டார்வே வரப்போகிறது, மக்கள் எதிர்க்கிறார்கள். நிஜத்தில் பழங்காலச் சின்னங்கள் உள்ள தாரா குன்றருகே எம்3 சாலைக்கும் அப்படியொரு போராட்டம் நடந்திருக்கிறது. ஜூனில் இங்கே சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிவிடும். எங்கள் குடியிருப்பின் புல்வெளியில் அந்நேரத்திலும் பிள்ளைகள் சைக்கிள் விடுவார்கள். படித்த பிறகு ஜன்னலோரம் நின்று அவர்களை எண்ணத் தொடங்கினேன்.

2004 டிசம்பர் 26 காலையில் எனக்கும் பன்னிரண்டு வயது. கடற்கரையில் விளையாடிக்கொண்டிருந்தவர்களில் நானும் என் தோழியும்தான் மிஞ்சினோம். அவள் இன்னும் நாகையில்தான் இருக்கிறாள். எல்லாவற்றையும் பேசுவோம், அந்தக் காலையைத் தவிர.

அவளுக்கு ஆங்கிலம் வராது. அதனால் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக, தினம் கொஞ்சமாக இந்தக் கதையைச் சொல்லி வந்தேன். “அந்த ரெண்டு புள்ளைங்க கெடச்சாங்களாடி?” என்றாள். இல்லை என்றேன். அன்று இரவு அவளே அழைத்தாள்.

“மாடிப்படியில உன் கைய விட்டுட்டு நான் முன்னால ஓடிட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கும், கேக்காம இருக்கேன்னு நெனச்சுட்டே இருந்தேன்.”

எனக்கு அது நினைவிலேயே இல்லை. மொட்டை மாடியில் அவள் தாவணியைப் பிழிந்து என் முகத்தைத் துடைத்தது மட்டும்தான் இருக்கிறது. அதைச் சொன்னேன். அவளுக்கு அது நினைவில்லையாம். அப்புறம் விடியும்வரை, யார் யார் எங்கே நின்றார்கள் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தோம்.