கல்லூரிப் பேரா, பிரான்ச்சா: பொறியியல் கவுன்சலிங்கில் வரிசை போட்ட விதம்

பிளஸ் டூ மதிப்பெண்ணிலிருந்து கணக்கிடும் கட் ஆஃப் 200-க்கு 190-ஐ ஒட்டி இருந்தால் அந்த வீட்டில் ஜூலை மாதம் முழுக்க ஒரே பேச்சுதான். கிண்டி பொறியியல் கல்லூரியில் சுரங்கவியலோ பிரின்டிங்கோ கிடைக்கும் போலிருக்கும். கோவையிலோ மதுரையிலோ வேறொரு நல்ல கல்லூரியில் பிள்ளை ஆசைப்படும் இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) கிடைக்கும் போலிருக்கும். 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கல்லூரியை விடலாமா என்று பெரியவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் வீட்டிலும் இதே கேள்வி வந்தது. அதைத் தீர்க்க எவை உதவின, எவை உதவவில்லை என்று எழுதுகிறேன்.

தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையான டி.என்.இ.ஏ. கவுன்சலிங்கில் நாம் கல்லூரியைத் தேர்வு செய்வதில்லை. கல்லூரி எண்ணும் பிரான்ச் (பாடப்பிரிவு) குறியீடும் சேர்ந்த ஒரு சாய்ஸைத்தான் தேர்வு செய்கிறோம். ஒப்பிடும்போதும் அப்படித்தான் ஒப்பிட வேண்டும். கிண்டி கல்லூரி இருக்கும் அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலேயே பிரான்சுக்குப் பிரான்ச் நிலைமை வேறு. அங்கேயே உள்ள அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் (ஏ.சி.டெக்.) லெதர் டெக்னாலஜி படிப்பவர்களுக்குப் பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அந்த வசதியை வேறு கல்லூரிகள் எளிதில் தர முடியாது. தோல் துறையில் ஆர்வம் இருந்தால் அதுதான் முதலிடம். ஆர்வம் இல்லாமல் "கேம்பஸுக்குள் போனால் போதும்" என்று சேர்ந்தால், பிடிக்காத பாடங்களோடு எட்டு செமஸ்டர் ஓட்ட வேண்டும்.

மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் அதன் எடையைக் கவனிப்பதில்லை. 100-க்கு 30 கற்பித்தல் வசதிகளுக்கு, 30 ஆராய்ச்சிக்கு, 20 பட்டப்படிப்பு முடிவுகளுக்கு, மீதி 20 பன்முகத்தன்மைக்கும் வெளியுலக மதிப்புக்கும். பி.இ. மாணவருக்கு ஆராய்ச்சிக்கான அந்த 30 பெரும்பாலும் உதவாது. அதோடு தரவரிசை கல்லூரி முழுவதற்குமானது. பிரான்ச் வாரியாகக் கிடையாது. தேசிய அங்கீகாரத்திலும் இதே குழப்பம் உண்டு: நாக் (NAAC) அமைப்பு கல்லூரிக்குத் தருவது, என்.பி.ஏ. (NBA) அமைப்பு தனித்தனிப் படிப்புக்குத் தருவது. நாம் சேரப்போகும் பிரான்சுக்கு என்.பி.ஏ. இருக்கிறதா, எந்த ஆண்டு வரை என்று பாருங்கள்.

தரவரிசையை விட உபயோகமானது, கல்லூரிகள் என்.ஐ.ஆர்.எஃப்.க்குக் கொடுத்து, தங்கள் இணையதளத்திலும் போட்டிருக்கும் தகவல் தாள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், சம்பளத்தின் இடைநிலை எவ்வளவு என்று அட்டவணையாக இருக்கும். சேர்ந்தவர்களோடு, டிப்ளமோ முடித்து நேரே இரண்டாம் ஆண்டில் லேட்டரல் என்ட்ரியில் வந்தவர்களையும் கூட்டி, உரிய காலத்தில் முடித்தவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் அரியர் நிலவரம் தெரிந்துவிடும். இடைநிலைச் சம்பளம் என்பது நடுவில் நிற்கும் மாணவர் வாங்குவது. பேனரில் அச்சடிக்கும் உயர்ந்தபட்ச பேக்கேஜ் ஒருவருடையது.

பிளேஸ்மென்ட் போஸ்டரை நிதானமாகப் படியுங்கள். ஒரே முகம் மூன்று நிறுவனங்களின் கீழ் வரும். "450 ஆஃபர்" என்று போட்டிருந்தால் 450 பேருக்கு வேலை என்று அர்த்தமில்லை. பிளேஸ்மென்ட் அலுவலகத்தில் ஒரு கேள்வி கேட்டால் போதும்: இந்த பிரான்ச் மாணவர்களைத் தங்கள் தேர்வில் உட்கார அனுமதித்த நிறுவனங்கள் எவை? சில நிறுவனங்கள் எல்லா பிரான்சையும் எடுக்கும். சில கம்ப்யூட்டர், எலக்ட்ரானிக்ஸ், எலக்ட்ரிக்கல் மட்டும் எடுக்கும். பெரிய பெயருள்ள கல்லூரியின் உண்மையான பலன் முதல் வகையில்தான் தெரியும்: சுரங்கவியல் மாணவரும் மென்பொருள் நிறுவனத் தேர்வில் உட்காரலாம். இந்தப் பலனைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. சி.ஜி.பி.ஏ. (எல்லா செமஸ்டருக்குமான சராசரிப் புள்ளி) நிபந்தனையையும் அரியர் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையையும் சேர்த்தே கேளுங்கள்.

அரசு வேலைதான் குறி என்றால் கணக்கு வேறு. உதவிப் பொறியாளர் பணிகளுக்கு அறிவிப்பில் எந்தப் பட்டம் என்று பெயர் சொல்லியே கேட்பார்கள். புதுப் பெயர் வைத்த பிரான்ச் என்றால் அது சிவிலுக்கோ எலக்ட்ரிக்கலுக்கோ சமம் என்று அரசாணை இருக்கிறதா என்று சேரும் முன்பே பார்த்துவிடுங்கள். மேற்படிப்புக்கும் பொதுத்துறை வேலைக்கும் உதவும் கேட் (GATE) தேர்வில் சுரங்கவியலுக்கும் ஜவுளிக்கும் தனித் தாள் உண்டு. அங்கே கல்லூரிப் பெயருக்கு மதிப்பெண் கிடையாது.

நேரில் போவதானால் வேலை நாளில், மதியத்துக்கு மேல், ஆய்வகம் நடக்கும் நேரத்தில் போங்கள். மேசைகளை எண்ணுங்கள். 30 பேர் பேட்சுக்குப் பத்து மேசை என்றால் ஒருவர் வயர் செருகுவார், ஒருவர் ரீடிங் எழுதுவார், மூன்றாமவர் பார்த்துக்கொண்டிருப்பார். பணிமனையில் லேத் இயந்திரத்தில் பொருளைப் பிடிக்கும் 'சக்' பகுதியைப் பாருங்கள்: புதுச் சீவல் ஒட்டியிருக்கிறதா, துரு படிந்திருக்கிறதா? மின்னலைகளைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில், ப்ரோப் வயரின் கொக்கி உடைந்து முதலைக் கிளிப் பற்றவைத்திருந்தால் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பிள்ளைகள் நிஜமாகவே பயன்படுத்துகிறார்கள் என்று அர்த்தம். உறை பிரிக்காத கருவிதான் கவலைக்குரியது. பேச வேண்டியது மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம். இறுதியாண்டு மாணவர்கள் வேலை தேடும் மும்முரத்தில் இருப்பார்கள், முதலாண்டுப் பிள்ளைகளுக்கு இன்னும் தெரியாது.

பிள்ளைக்கு ஒத்துவருமா என்பதைப் பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. ஹாஸ்டலில் தண்ணீர் எத்தனை மணி வரை வரும், கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், கல்லூரிப் பேருந்து நம் நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்று கேளுங்கள். காலை ஆறு மணிக்குப் பேருந்து ஏறி மாலை ஆறரைக்கு வீடு திரும்பும் பிள்ளைக்குப் படிக்க எவ்வளவு நேரம் மிஞ்சும் என்று கணக்குப் போடுங்கள். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளை என்றால் முதல் செமஸ்டரில் கூடுதல் வகுப்பு எடுக்கிறார்களா என்பது தரவரிசையை விட முக்கியம். ஒரே பிரான்ச் எஸ்.எஸ். என்று தனிக் குறியீட்டில் இருந்தால் அது சுயநிதிப் பிரிவு, கட்டணம் கூடுதல்.

இனி வரிசை போடுவது. முந்தைய ஆண்டுகளின் நிலவரத்தைப் பார்க்கும்போது கட் ஆஃப் மதிப்பெண்ணை நம்பாமல், உங்கள் இனப் பிரிவுக்கான ரேங்கைப் பாருங்கள். தேர்வுத்தாள் எளிதாக வந்த ஆண்டில் மதிப்பெண் மேலே போகும். ரேங்க் அவ்வளவு ஆடாது. கவுன்சலிங் மென்பொருள், ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவரின் பட்டியலையும் மேலிருந்து படித்து, காலியாக உள்ள முதல் சாய்ஸைக் கொடுக்கும். அதனால் கிடைக்காது என்று தோன்றுவதை மேலே வைப்பதில் நஷ்டம் இல்லை, கிடைத்துவிடும் என்பதற்காக எதையும் மேலே ஏற்றவும் தேவையில்லை.

சிக்கல் வருவது ஏற்றுக்கொண்டு மேல்நோக்கிக் காத்திருக்கும் 'அக்செப்ட் அண்ட் அப்வர்டு' முறையில். இதில் டி.எஃப்.சி. எனும் கவுன்சலிங் உதவி மையத்தில் கட்டணம் கட்டி இடத்தைப் பிடித்துக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலே உள்ளவை காலியானால் தரும்படி கேட்கிறோம். மேலே உள்ளது கிடைத்தால் கையில் இருந்தது போய்விடும். உறவினர் சொன்னார் என்று கடைசி நேரத்தில் பிடிக்காத பிரான்சை மேலே ஏற்றியிருந்தால், பிடித்த இ.சி.இ. கைக்கு வந்த பிறகும் அது பறிபோகும். கிடைத்ததே வேண்டும் என்றால் 'அக்செப்ட் அண்ட் ஜாயின்' கொடுத்து, குறித்த நாட்களுக்குள் கல்லூரியில் சேர்ந்துவிட வேண்டும். அந்த ஆண்டுக் கையேட்டில் இந்த விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள், சிறு மாற்றங்கள் வரும்.

நாங்கள் செய்தது: சாய்ஸ்களை இறுதி செய்து லாக் செய்வதற்கு முந்தைய நாள் பட்டியலை அச்செடுத்து, அடுத்தடுத்த இரண்டு சாய்ஸ்களை மட்டும் காட்டி, "இரண்டும் கையில் இருந்தால் எது?" என்று பிள்ளையிடம் கேட்டோம். பதில் பட்டியலோடு ஒத்துப்போகாத இடங்களில் வரிசையை மாற்றினோம். ஐம்பது சாய்ஸுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது.

பெயருள்ள கல்லூரியையே தேர்ந்தெடுத்து, விருப்பப் பாடம் வேறாக இருந்தால், அதையும் சேர்த்துப் படிக்கும் மைனர் பட்டத்துக்கு வழி உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் அதற்குக் கூடுதலாக 18 கிரெடிட் படிக்க வேண்டியிருந்தது. அரியர் இல்லாமல் சி.ஜி.பி.ஏ. 7.5 வைத்திருக்க வேண்டியிருந்தது. தன்னாட்சிக் கல்லூரி என்றால் அதன் சொந்த விதிமுறையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.