அவன் பெயரை மட்டும்

எங்கள் பள்ளிப் பிள்ளைகள் சிலரோடு ஜப்பான் போய் வந்த வாத்தியார் நான். ஜப்பானைப் பற்றிப் பேசச் சொன்னால் பிள்ளைகள் ஷின்கான்சென் அதிவேக ரயிலைச் சொல்வார்கள். வெந்நீர் பீச்சும் கழிப்பறையைச் சொல்வார்கள். தெருவில் குப்பைத்தொட்டியே கண்ணில் படாமல் மிட்டாய்க் காகிதத்தைச் சாயங்காலம் வரை பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரிந்ததைச் சொல்வார்கள். நானும் அதையெல்லாம்தான் சொல்லி வருகிறேன். அந்த மதியத்தை மட்டும் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை.

அங்கே நாங்கள் பார்க்கப் போன நடுநிலைப் பள்ளியில் மதியச் சாப்பாட்டைப் பிள்ளைகளே பரிமாறுகிறார்கள். வெள்ளை அங்கி, வெள்ளைத் தொப்பி, முகக்கவசம். வாத்தியாருக்கும் அதே வகுப்பறையில் அதே தட்டு. நம் பிள்ளைகளில் இரண்டு பேர் சூப்பைத் தொடவில்லை. காய்ந்த மீனைச் சீவிப் போட்டுத்தான் அங்கே சாறு இறக்குகிறார்கள், காய்கறி சூப் என்று நம்பிக் குடிக்க முடியாது. கொண்டுபோன பருப்புப்பொடிதான் காப்பாற்றியது. பள்ளிச் சாப்பாட்டுக்கென்று 1954இல் சட்டமே போட்டிருக்கிறார்கள் என்றார் மொழிபெயர்ப்பாளர். நான் விடுவேனா? எட்டயபுரத்தில் காமராசர் 1956இல் மதிய உணவைத் தொடங்கிவைத்ததையும், அன்றைக்கு அது எங்கள் திருநெல்வேலி மாவட்டம் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

சேரன்மாதேவியைச் சொல்லவில்லை. தேச விடுதலைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்ய வ.வே.சு. ஐயர் 1920களில் நடத்திய குருகுலத்திலேயே பிராமணப் பையன்களுக்குத் தனிப்பந்தி. அதில் கிளம்பிய சண்டை தமிழ்நாட்டுக் காங்கிரஸையே ஆட்டிவிட்டது. எங்கள் பள்ளியிலிருந்து அந்த ஊர் பஸ்ஸில் அரை மணி. அயலூரில் எதைச் சொல்ல வேண்டும், எதை விழுங்க வேண்டும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சாப்பாடு முடிந்ததும் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டார்கள். மேசை நாற்காலியெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கியது. தலைமை ஆசிரியர் உட்பட எல்லார் கையிலும் துடைப்பமோ துணியோ இருந்தது. அந்தத் துணியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பழைய துவாலையை மடித்து, நாலு ஓரமும் குறுக்கேயும் தையல் ஓட்டியது. மூலையில் மார்க்கர் பேனாவால் பையனின் பெயர். வாளியில் நனைத்து, சொட்டாமல் பிழிந்து, இரண்டு கையாலும் தரையில் அழுத்தி, இடுப்பைத் தூக்கிக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடுகிறார்கள். யார் முதலில் சுவரைத் தொடுவது என்று போட்டி வேறு.

நம் பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. முதலில் ஒரு பொண்ணு துணி வாங்கினாள், அப்புறம் மூன்று நாலு பேர். எங்கள் பையன் ஒருவனும் வாங்கினான். உடன் வந்த ஆசிரியர் ஒருவர் குரூப்பில் போடப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவன் துணியைத் தரையில் வைத்துக் குனிந்த நேரம் நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

"ஏல, நீ இங்க வா. இந்தப் பையெல்லாம் பாத்துக்கோ."

பையை அந்த ஊரில் யார் எடுக்கப் போகிறார்கள்? வந்து நின்றான். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான்.

"எல்லாரும் செய்யுதாங்கல்லா சார். நான் மட்டும் ஏன் நிக்கணும்?"

"உனக்குச் சளி பிடிச்சிருக்குல்லா."

"எனக்கு எங்க சார் சளி?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவன் அம்மா பேரூராட்சியில் தூய்மைப் பணியாளர். பிள்ளைகளின் பாஸ்போர்ட்டுக்கு ஓடியதெல்லாம் நான்தான், அதனால் தெரியும். ஆதாரில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர் என்று அலைந்து, ஒருவழியாகத் தேதி கிடைத்து, திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவை மையத்துக்கு வரச் சொன்னேன். விடியக்காலை வேலையை முடித்த கையோடு வந்திருந்தார் அந்த அம்மா. பளபளக்கும் மேல்கோட்டைக் கழற்றிக் கட்டைப்பையின் அடியில் சுருட்டி வைத்திருந்தார். கையெழுத்துப் போடும் முன்னால் சேலை முந்தானையில் விரலைத் துடைத்தார். போட்ட பிறகும் துடைத்தார்.

இதைத் தெரிந்துகொண்டு அந்தப் பையன் நாலு காலில் தரை துடைக்கும் படத்தைக் குரூப்பில் விழ விடச் சொல்கிறீர்களா? ஆசிரியர் குரூப்பில் போடுவது பசங்க கைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? கையில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறத்தை வைத்து ஆள் யாரென்று சொல்லும் பசங்க படிக்கிற ஊர் இது. நாங்குநேரியில் ஒரு பட்டியலினப் பையனைக் கூடப் படித்த பசங்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, 2023இல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை வைத்து அரசு ஒரு குழு போட்டது. 2024இல் வந்த அறிக்கை கயிறே கூடாது என்றது. கிளம்பும் முன்னால் ஏர்போர்ட்டில் பிடிப்பார்கள் என்று பொய் சொல்லி எல்லார் கயிற்றையும் நானே வெட்டினேன். அதற்கு யாரும் என்னிடம் கேள்வி கேட்கவில்லை. அப்படிப்பட்ட நான் வேறு என்ன செய்திருக்க முடியும்?

இவ்வளவும் சரிதான். ஆனால் துணி எடுத்த மற்றவர்களை ஏன் கூப்பிடவில்லை என்பதற்கு இதில் பதில் இல்லை. கழிப்பறை கழுவப் பிள்ளைகளை விட்டதற்காகத் தலைமை ஆசிரியர் சஸ்பெண்ட் ஆன செய்திகளை நாம் படிக்காததா? அதில் எந்தப் பிள்ளைகள் என்றும் போட்டிருப்பார்கள். வகுப்பில் அத்தனை பேர் இருந்தும் அந்த வேலைக்கு அவர்கள் வாயில் குறிப்பிட்ட பெயர்கள்தான் வந்திருக்கும். நான் வேலையை விட்டு எழுப்பத்தான் கூப்பிட்டேன். ஆனால் என் வாயிலும் அந்தப் பெயர்தான் வந்தது. அந்த அறையில் அவன் யார் வீட்டுப் பிள்ளை என்ற நினைப்போடு நின்றது நான் ஒருத்தன்தான் என்று சில நாள் தோன்றுகிறது. படம் எடுத்தவருக்கும் தோன்றியிருக்கும் என்று சில நாள் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

கூட வந்த டீச்சரிடம் ஊருக்கு வந்த பிறகு இதைச் சொன்னேன். "நீங்களும் ஒரு துணியை எடுத்திருக்கலாம்லா சார்" என்றார். வாத்தியார் துடைத்தால் யாரும் யாரையும் ஒன்றும் சொல்ல மாட்டார்களாம். அவர் சொல்வது எளிது. என் முட்டி எனக்குத்தான் தெரியும். முட்டி நன்றாக இருந்தாலும் எடுத்திருப்பேனா என்று அவர் கேட்கவில்லை, நல்லவேளை.

அந்தத் துணிதான் எல்லாரையும் சமமாக்குகிறது என்று ஜப்பானைத் தலையில் தூக்கிவைப்பவர்கள் பேச்சையும் என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. தோல் வேலை, இறைச்சி வேலை செய்தவர்களை ஒதுக்கி வைத்த நாடுதான் அதுவும். 1871இல் சட்டப்படி ஒழித்த பிறகும் கல்யாணத்துக்கு முன்னால் பூர்வீகம் விசாரித்தவர்கள் இருந்தார்கள். வந்த பிறகுதான் இதைப் படித்தேன். படித்ததும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது என்று எழுதக் கூசுகிறது, ஆனால் இருந்தது.

இப்போது எங்கள் தலைமை ஆசிரியருக்கு ஓர் ஆசை வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஜப்பான் மாதிரி நம் பிள்ளைகளும் வகுப்பறையைச் சுத்தம் செய்யட்டும் என்கிறார். போய்ப் பார்த்து வந்தவன் என்பதால் பொறுப்பு எனக்காம். ஆசிரியர்களும் செய்வதென்றால் சரி என்றேன். ஸ்டாஃப் ரூமில் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். பெற்றோர் கூட்டத்தில் கேட்டு முடிவு செய்யலாம் என்று தள்ளிப்போட்டிருக்கிறார்கள்.

அவன் இப்போது பிளஸ் ஒன். வராந்தாவில் பார்த்தால் வணக்கம் சொல்கிறான், ரெகார்டு நோட்டில் கையெழுத்து வாங்குகிறான். ஒரு நாள் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். சொன்னால் அவன் அம்மா வேலையை நான் மனதில் வைத்திருந்தேன் என்று தெரிந்துவிடுமே என்று விட்டுவிடுவேன். "எனக்கு எங்க சார் சளி" என்று கேட்டவனுக்கு அது அன்றைக்கே தெரியாமலா இருந்திருக்கும்?