வெள்ளியிலிருந்து செவ்வாய் வரை

பெப்ரவரி 7, வெள்ளி

சிறுநீரகம் செயலிழந்த தம்பிக்கு இன்று டயலிசிஸ், மெஷினில் இரத்தம் சுத்திகரிக்கிற நாள். அவன் உடம்பிலிருந்து மூன்று கிலோவுக்கு மேல் தண்ணீர் எடுத்தார்கள். கடைசி அரை மணித்தியாலம் அவனுக்கு இரண்டு காலும் பிடித்து இழுத்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். நேர்ஸ் மிஸ் ஓடி வந்து பாதத்தை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்தவன் சாப்பிடாமலே படுத்துவிட்டான். இனி செவ்வாய்.

பெப்ரவரி 8, சனி

அமெரிக்காவில் கிழமைக்கு மூன்று தரம் டயலிசிஸ் செய்கிற 32,000 பேரை வைத்துச் செய்த ஆய்வு, 2011இல் வந்தது. எந்த நாளில் சாவு கூட என்று பார்த்திருக்கிறார்கள். இரண்டு நாள் விடுமுறை முடிந்து வருகிற அந்த நாளில்தான். மற்ற நாட்களில் நூறு பேருக்கு வருடக் கணக்கில் 18 என்றால், அந்த நாளில் 22.1. இதய வருத்தத்தோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் இரண்டு மடங்குக்கும் மேல்.

அவர்களுக்கு இரண்டு நாள். தம்பிக்குச் சனி, ஞாயிறு, திங்கள். கிழமைக்கு இரண்டு தரம்தான் இடம் கிடைத்திருக்கிறது. இதை வாசித்த பிறகு நித்திரை வரவில்லை. இரண்டு தரம் எழும்பிப் போய் அவன் மூச்சு விடுகிறானா என்று பார்த்தேன்.

பெப்ரவரி 10, திங்கள்

தராசில் இரண்டரைக் கிலோ கூட. கணுக்காலை அழுத்தினால் விரல் பட்ட இடம் குழியாகவே நிற்கிறது.

பெப்ரவரி 11, செவ்வாய்

ஊசி போடுவதற்கு முன் அவன் இடது கையில் என் விரலை வைத்துப் பார்ப்பேன். நாடியையும் நாளத்தையும் சேர்த்துத் தைத்த இடம். தோலுக்கு அடியில் பூனை உறுமுவது போல ஓர் அதிர்வு. அது நின்றால் நேரம் பார்க்காமல் வரச் சொல்லியிருக்கிறார்கள். 1966இல் நியூயோர்க்கில் சிமினோ, பிரெசியா என்ற டொக்டர்கள் இந்த வழியைக் கண்டுபிடித்து எழுதினார்கள். அதற்கு முன் கைக்கு வெளியே பிளாஸ்டிக் குழாயோடு திரிய வேண்டும். 1960க்கு முன்னர் அதுவும் இல்லை. ஒவ்வொரு தரமும் புதிதாக ஓர் இடத்தை வெட்டித் திறக்க வேண்டும், சில தரத்தோடு வெட்ட இடமே இருக்காது. சிறுநீரகம் நிரந்தரமாகப் போனவர்களைக் காப்பாற்ற வழியில்லாமல் இருந்தது அதனால்தான்.

மெஷினுக்குள் நிமிடத்துக்கு அரை லீற்றர் கரைசல் ஓடுகிறது. நாலு மணித்தியாலத்துக்கு 120 லீற்றர். தம்பிக்கு ஒரு நாளைக்கு அளந்து வைப்பது 750 மில்லி, தேத்தண்ணி, சொதி எல்லாம் சேர்த்து. இந்தக் கணக்கை நான் அவனிடம் சொல்லமாட்டேன்.

பக்கத்துக் கட்டிலில் வாகரைப் பக்கத்து ஐயா. "நீங்கதான் குடுக்கப் போறீங்களா மகள்?" என்று கேட்டார். தம்பிக்கு என் சிறுநீரகத்தை. ஓம் என்றேன். "என்ட மூத்தவனும் தாறன் எண்டான். நான் வேணாமெண்டு சொல்லிட்டன்." பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அந்த மகனை ஒரு தரம் பார்த்துக் கதைக்க வேண்டும் போல இருக்கிறது.

பெப்ரவரி 13, வியாழன்

அம்மா என்னோடு கதைப்பதில்லை. சீனியும் பிரசரும் இருப்பதால் அம்மாவை முதலிலேயே ஒதுக்கிவிட்டார்கள், அந்தக் கோபமும் இதற்குள் இருக்கிறது. இன்று மீன் வெட்டிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், "ரெண்டு பிள்ளையையும் ஒரே நாளில தியேட்டருக்குள்ள அனுப்பிப்போட்டு நான் வெளியில நிற்கிறதா?" என்றார். இதற்கு எந்த ஆய்விலும் பதில் இல்லை.

பெப்ரவரி 14

மூன்று கிலோ. கால் பிடிக்கவில்லை.

பெப்ரவரி 16, ஞாயிறு

என்னுடைய எண்கள். சிறுநீரகம் கொடுத்த 80,000 பேருக்கு மேல் பின்தொடர்ந்து 2010இல் எழுதியிருக்கிறார்கள்: ஒப்பரேசன் முடிந்து 90 நாட்களுக்குள் இறந்தவர்கள் 10,000க்கு 3.1 பேர். 2014இல் இன்னொன்று: கொடுத்தவர்களுக்கு ஆயுளுக்குள் சிறுநீரகம் செயலிழக்கும் வாய்ப்பு 10,000க்கு 90. அதே அளவு சுகமாக இருந்து கொடுக்காதவர்களுக்கு 14. பொதுமக்களுக்கு 326.

326ஐச் சொல்லி ஆறுதல்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது நேர்மையில்லை. பொதுமக்களுக்குள் சீனி வருத்தக்காரரும் இருக்கிறார்கள். கொடுக்கத் தெரிவாகிறவள் சுகமானவள், அவளை 14ஓடுதான் ஒப்பிட வேண்டும். ஆறு மடங்குக்கு மேல். ஆனால் நூற்றில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் சம்மதிக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு அல்ல.

பெப்ரவரி 18, செவ்வாய்

மாமி நேரே கேட்கமாட்டார். "சின்னவளுக்கு ஒரு தம்பி வேணுமே" என்று மட்டும் சொல்வார். கனடாவில் 2015இல் பார்த்திருக்கிறார்கள்: சிறுநீரகம் கொடுத்த பிறகு பிள்ளை பெற்றவர்களில் 11 வீதமானோருக்குக் கர்ப்ப காலத்தில் பிரசர் கூடியது, கொடுக்காதவர்களில் 5 வீதம். பிள்ளையின் நிறையிலோ பிறக்கும் காலத்திலோ பெரிய வித்தியாசம் இல்லை. இவரிடம் இரவு வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தார். லைட்டை நிறுத்தின பிறகு, "கிளினிக்குக்கு ஒழுங்காப் போனாச் சமாளிக்கலாம்" என்றார். அவ்வளவுதான். அது போதும் எனக்கு.

பெப்ரவரி 20, வியாழன்

வகுப்பில் பலகையில் சிறுநீரகத்தின் படம் கீறினேன். பாடத்தில் இல்லாததையும் சொன்னேன். 1954 டிசம்பர் 23, பொஸ்டன். ரொனால்ட் ஹெரிக் தன் இரட்டைச் சகோதரன் ரிச்சர்டுக்குச் சிறுநீரகம் கொடுத்தார், ஜோசப் மரே என்ற டொக்டர் ஒப்பரேசன் செய்தார், 1990இல் அவருக்கு நோபல் பரிசு. ரிச்சர்ட் எட்டு வருடம் வாழ்ந்தார். ரொனால்ட் கணிதம் படிப்பித்து 79 வயதுவரை இருந்தார். ஒரு பிள்ளை கேட்டாள், "டீச்சர், அவருக்குப் பயமா இருக்கலியா?" முதல் நாள் இரவு தம்பிக்காரனே வீட்டுக்குப் போய்விடு என்று எழுதி அனுப்பியும் அவர் போகவில்லை என்று சொன்னேன். எங்கள் வீட்டிலும் ஒருவன் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

பெப்ரவரி 23, ஞாயிறு

இளநீர் குடித்திருக்கிறான்! வயல் வெட்டுக்குப் போன கூட்டாளிகளோடு படுவான்கரைக்குப் போய், ஒரு முழுக் குரும்பை. பொட்டாசியம் ஏறினால் நெஞ்சு அப்படியே நின்றுவிடும் என்று எத்தனை தரம் சொன்னது, கீரையைக்கூட வேகவைத்துத் தண்ணீரை வடித்துத்தான் கொடுக்கிறேன். அதுவும் ஞாயிற்றுக்கிழமையில், இன்னும் திங்கள் முழுக்கக் கிடக்கும்போது. கத்திவிட்டேன். "தாகமா இருந்திச்சி அக்கா" என்றான். ஈசிஜி எடுத்துப் பார்த்தாயிற்று, பயமில்லை என்றார்கள். இரவு பதினொரு மணி. அவன் சாப்பிட்டானா என்று இன்னும் கேட்கவில்லை.

பெப்ரவரி 26

சிவராத்திரி. அம்மா மாமாங்கம் கோயிலுக்குப் போய்விட்டார், விடியத்தான் வருவார். நான் முழித்திருந்து 1999ஆம் ஆண்டுக் கட்டுரையைத் திரும்ப வாசித்தேன். காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர்களையும் இறந்தவர்களிடமிருந்து சிறுநீரகம் கிடைத்தவர்களையும் ஒப்பிட்டது. மாற்றிய முதல் இரண்டு கிழமை ஆபத்து 2.8 மடங்கு. சரி, அது ஒப்பரேசனின் விலை. 244ஆம் நாளில் இரு பக்கமும் சமம். ஒன்றரை வருடத்தில் மாற்றியவர்களுக்கு ஆபத்து 68 வீதம் குறைவு. எதிர்பார்க்கும் ஆயுள் பத்து வருடத்துக்குப் பதிலாக இருபது.

இன்னொன்று, 2002. டயலிசிஸில் கிடந்த காலம் கூடக் கூட, பிறகு மாற்றும் சிறுநீரகமும் கெதியில் பழுதாகிறது. உயிரோடு இருப்பவர் கொடுத்தாலும் அப்படித்தான். டயலிசிஸுக்கே போகாமல் மாற்றியவர்களில் 75 வீதம் பத்து வருடத்துக்குப் பிறகும் வேலை செய்தது, இரண்டு வருடம் கிடந்தவர்களில் 49 வீதம். ஆறுதலாகச் செய்யலாம் என்கிற எல்லோருக்கும் இதை அச்சடித்துக் கொடுக்க வேண்டும். ஆறுதலாகச் செய்ய இதில் எதுவும் இல்லை.

பெப்ரவரி 27, வியாழன்

கோல் வந்தது. எனக்கும் தம்பிக்கும் இழைய வகை பார்த்த முடிவு: பாதிப் பொருத்தம். கூடப்பிறந்தவர்களில் நாலில் ஒருவருக்கு முழுதாகப் பொருந்தும், ஒருவருக்குப் பொருந்தவே பொருந்தாது, மிச்ச இரண்டு பேருக்குப் பாதி. பாதி போதும் என்றார் டொக்டர். அடுத்தது கிரொஸ் மெச். என் கலங்களோடு அவன் இரத்தத்தைச் சேர்த்துப் பார்ப்பார்கள். போன வருடம் அவனுக்கு இரத்தம் ஏற்றினார்களே, அதனால் எதிர்ப்புப் பொருள் உண்டாகியிருந்தால்?

அம்மாவிடம் சொன்னேன். "பாதிதானா?" என்று கேட்டார். முதல் தரம் என் முகத்தைப் பார்த்துக் கதைத்தார்.

மார்ச் 2

இரத்தம் ஏற்றிய துண்டைத் தேடி எடுத்தேன். இரண்டு பைக்கட்.

மார்ச் 5, புதன்

இரவு ரயிலில் கொழும்பு. இரண்டு பேருக்கும் நாளைக் காலை இரத்தம் எடுப்பார்கள். வெள்ளிக்கு முன் திரும்பிவிட வேண்டும். என்னைத் தனியே கூப்பிட்டு, யாரும் வற்புறுத்தினார்களா என்று கேட்பார்களாம். கேட்கட்டும். அந்தக் கேள்வி எல்லாருக்கும் நல்லது.

அம்மா இடியப்பம் கட்டித் தந்திருக்கிறார், தம்பிக்கு உப்பில்லாத சம்பல் தனியே. இவர் ஓட்டோ பிடிக்கப் போயிருக்கிறார். டொக்டரிடம் கேட்க: ஏற்றிய இரத்தம் பற்றி, முடிவு எத்தனை நாளில், பொருந்தாவிட்டால் அடுத்து யார். சின்னவள் எழும்பிவிட்டாள், மிச்சம் ரயிலில் எழுதுகிறேன்.