எல்லை தாண்டிய மின்சாரத்துக்கு வரி திரும்பப் பெற்ற அனுபவம்

காரைக்குடியில் வரி ஆலோசகராக இருக்கும் என்னிடம், தேவகோட்டையைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு குடும்பத்தினர் தங்கள் அனல்மின் நிறுவனத்தின் கணக்கைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒப்படைத்தார்கள். கிழக்கிந்தியாவில் உள்ள அவர்களுடைய நிலையத்திலிருந்து உற்பத்தியில் ஒரு பகுதி வங்காளதேசத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அதற்காக எரித்த நிலக்கரிக்குக் கட்டிய ஜிஎஸ்டியும், டன்னுக்கு அப்போது இருந்த 400 ரூபாய் இழப்பீட்டுத் தீர்வையும் உள்ளீட்டு வரி வரவாக, அதாவது கொள்முதலில் கட்டி, விற்பனை வரியில் கழித்துக்கொள்ள வேண்டிய வரியாகத் தேங்கி நின்றன. ஏற்றுமதியாளருக்கு அந்தப் பணம் திரும்பக் கிடைக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் அதைக் கேட்பதற்கான படிவமே எங்களை ஏற்றுக்கொள்ளவில்லை.

காரணத்தைத் தேடிப் போனால் அது சுங்க வகைப்பாட்டில் போய் முடிந்தது. சுங்கத் தீர்வை அட்டவணையின் 27ஆம் அத்தியாயத்தில் 2701 நிலக்கரி, 2709 கச்சா எண்ணெய், 2711 பெட்ரோலிய வாயுக்கள் என்று வரிசை போய், கடைசித் தலைப்பாக 2716இல் மின்னாற்றல் வருகிறது. உலகச் சுங்க அமைப்பின் பொது வகைப்பாட்டில் இந்தத் தலைப்பை ஏற்பதும் விடுவதும் அந்தந்த நாட்டின் விருப்பம். இந்தியா 2716 00 00 என்று அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. மின்சாரம் சரக்கு என்பதை உச்ச நீதிமன்றமும் நெடுங்காலமாகவே சொல்லி வந்திருக்கிறது. அதைச் சேமித்து வைக்க இயலாது, உற்பத்தியும் கடத்தலும் நுகர்வும் ஏறத்தாழ ஒரே கணத்தில் நிகழ்கின்றன என்று 2002இல் அரசியல் சாசன அமர்வு விளக்கிய பிறகும் அந்த நிலை மாறவில்லை. ஆக, எங்கள் நிலையத்துக்குள் 2701ஆக நுழைந்த பொருள், அதே அத்தியாயத்தின் 2716ஆக வெளியேறியது.

சரக்கு என்று ஆனதும் சரக்குக்குரிய சான்றைக் கேட்பார்கள். சேவை ஏற்றுமதி என்றால் அந்நியச் செலாவணி வந்ததற்கான வங்கிச் சான்று போதும்; சரக்கு ஏற்றுமதிக்கோ சுங்கத்துறையிடம் தாக்கல் செய்யும் ஏற்றுமதி ஆவணமான கப்பல் பட்டியலின் (ஷிப்பிங் பில்) எண், தேதி, துறைமுகக் குறியீடு ஆகியவற்றை நிரப்பியாக வேண்டும். மேற்கு வங்கத்தின் பகரம்பூரிலிருந்து எல்லைக்கு அப்பாலுள்ள பேராமாராவுக்கு, 2013 முதல் உயர் அழுத்தக் கம்பியில் போய்க்கொண்டிருக்கும் மின்சாரத்துக்கு யார் கப்பல் பட்டியல் போடுவார்கள்? "அண்ணே, எந்தத் துறைமுகத்தை எழுதுறது?" என்று என் உதவியாளர் கேட்ட கேள்விக்கு அன்றைய விதிகளில் பதில் இல்லை.

பதில் 2022 ஜூலையில் வந்தது. அம்மாதம் 5ஆம் தேதி வெளியான 14/2022 அறிவிக்கை, வரி திரும்பக் கேட்பதற்கான ஜிஎஸ்டியின் 89ஆம் விதியைத் திருத்தியது. மறுநாளே 175ஆம் சுற்றறிக்கை நடைமுறையை விளக்கியது. கப்பல் பட்டியலுக்குப் பதிலாக மூன்று ஆவணங்கள் போதும் என்று ஆயிற்று: ஏற்றுமதி விலைப்பட்டியல்களின் (இன்வாய்ஸ்) விவரம், யூனிட் விலையைக் குறிக்கும் ஒப்பந்தத்தின் நகல், மண்டல மின் குழுவின் செயலகம் மாதந்தோறும் வெளியிடும் மண்டல எரிசக்திக் கணக்கு. அப்போது இணையதளத்தில் இதற்கெனத் தனிப் பிரிவு இல்லாததால், 'பிற' என்ற பிரிவில், வரி திரும்பக் கேட்கும் படிவமான ஆர்எப்டி-01ஐத் தாக்கல் செய்து, அந்தப் படிவத்துக்குரிய 3பி அறிக்கையை இணைத்தோம்.

இந்த மண்டலக் கணக்கை நான் மிகவும் மதிக்கிறேன். எந்த நிலையத்திலிருந்து யாருக்கு எவ்வளவு மின்சாரம் திட்டமிடப்பட்டது என்பதை விற்பவரும் வாங்குபவரும் அல்லாத மூன்றாவது அமைப்பு ஒன்று எழுதுகிறது. பர்மாவில் கொண்டுவிற்ற, அதாவது வட்டித் தொழில் நடத்திய எங்கள் பாட்டையா காலத்தில், அங்கே கடையைக் கவனித்த மேலாள் அனுப்பும் ஐந்தொகையைப் (வரவு செலவு இருப்புக் கணக்கு) பார்த்துத்தான் கடல் கடந்த கடையின் நிலவரத்தை ஊரிலிருந்த முதலாளி அறிந்துகொண்டார். எல்லை கடந்த மின்சாரத்தை அரசு அறிவதும் அப்படி ஒரு கணக்கைக் கொண்டுதான். விலைப்பட்டியலில் உள்ள அளவும் இந்தக் கணக்கில் உள்ள அளவும் வேறுபட்டால் குறைந்த அளவையே எடுத்துக்கொள்வார்கள். ஆகவே விண்ணப்பத்துக்கு முன் மாதவாரியாக இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். உண்மையிலேயே நேரம் பிடித்த வேலை அதுதான்.

அடுத்தது, உள்நாட்டு விற்பனை. மின்சாரத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால், உள்நாட்டில் விற்ற பகுதிக்கான நிலக்கரி வரியை வரவாக எடுக்கவே கூடாது. திரும்பக் கிடைக்கும் தொகையைக் கணக்கிடும் சூத்திரத்தில், வகுக்கும் தொகையில் அந்த விற்றுமுதலும் சேராது. அதிகாரிகள் இதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும் என்று சுற்றறிக்கையே சொல்கிறது. நிலக்கரிக் கொள்முதலை யூனிட் விகிதத்தில் இரண்டாகப் பிரித்துக் காட்டும் பணித்தாள் ஒன்றை முதலிலேயே இணைத்திருந்ததால், அந்தப் பகுதியில் ஒரு கேள்விகூட எழவில்லை.

எழுந்த கேள்வி வேறு: விலக்குப் பெற்ற பொருளுக்கு எப்படி வரி திரும்பக் கேட்கிறீர்கள் என்றார்கள். ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி சட்டத்தின் 16(2) பிரிவு, விலக்குள்ள பொருளாக இருந்தாலும் ஏற்றுமதிக்கு உள்ளீட்டு வரவு உண்டு என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அதை எடுத்துக்காட்டி எழுதினோம், அதிகாரியும் ஏற்றுக்கொண்டார். பிறகு அவர் கேட்டபடி டிஆர்சி-03 என்ற செலுத்துப் படிவத்தின் மூலம் வரவிலிருந்து தொகையைக் கழித்ததும் ஆணை வந்தது.

இந்த வேலையில் இறங்குவோர் இரண்டைக் கவனிக்க வேண்டும். இரண்டாண்டுக் கெடு, மண்டலக் கணக்கின்படி ஏற்றுமதி நடந்த மாதத்தின் கடைசி நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது. விலைப்பட்டியல் தேதியை வைத்து எண்ணக் கூடாது. மேலும், மண்டலக் கணக்குகள் பின்னாளில் திருத்தி வெளியிடப்படுவதும் உண்டு. விண்ணப்பிக்கும் நாளில் அந்த மாதத்துக்குத் திருத்தம் வந்திருக்கிறதா என்று குழுவின் தளத்தில் பார்த்து, வந்திருந்தால் திருத்திய பிரதியையே இணைக்க வேண்டும்.