புளியாரைக்கு எந்த இடம் பிடிக்கும்?

எல்லாரும் பிடுங்கி எறிகிற புளியாரையை நான் விதை போட்டு வளர்த்துக்கொண்டிருக்கிறேன். பத்து வாரம் ஆகிறது. எங்கே வைத்தால் நன்றாக வரும் என்று பார்க்கும் ஆசை, அவ்வளவுதான்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். காம்புக்கு நான்கு இலை இருந்தால் அது ஆரை. சேற்றிலும் தண்ணீரிலும் வரும் பெரணி வகை, பூவே பூக்காது. புளியாரைக்கு மூன்று இலைதான், ஒவ்வொன்றும் இதய வடிவம். பூ மஞ்சள், ஐந்து இதழ். சந்தேகம் இருந்தால் ஒரு இலையைக் கடித்துப் பார்க்கலாம். ஆக்சாலிக் அமிலத்தின் புளிப்பு நாக்கில் சுருக்கென்று ஏறும்.

விதை எடுப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. வெண்டைக்காயைக் குட்டியாக்கி நிமிர்த்தி வைத்ததுபோல் காய்கள். முற்றியதில் விரல் பட்டதும் பட்பட்டென்று வெடித்தது. இரண்டு விதை என் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. விதையை மூடியிருக்கும் வெள்ளைச் சவ்வு சட்டென்று உள்வெளியாகப் புரண்டு விதையை எறிந்துவிடுகிறது. அப்புறம் புத்தி வந்து, காய்களைக் காகித உறையால் மூடிவிட்டுத் தட்டினேன்.

மூன்று தட்டுகள்: முழு வெயில், அரை நிழல், முழு நிழல். ஒவ்வொன்றிலும் பாதி விதையை மண்மேல் தூவினேன், பாதியை ஒரு விரல் ஆழத்தில் புதைத்தேன். புதைத்ததில் ஒன்றுகூட வரவில்லை. மேலே தூவியது எல்லாத் தட்டிலும் முளைத்தது.

வெயில் தட்டில் இலை சிறுத்து, செம்பழுப்பு ஓடி, செடி தரையோடு படர்ந்தது. உச்சி வெயிலில் இலைகள் நடு நரம்போடு மடிந்து குடைபோலத் தொங்கும். வாடிவிட்டதென்று முதல் நாள் தண்ணீரை ஊற்றித் தள்ளினேன். வீண் பதற்றம்; வெயில் தாழ்ந்ததும் தானே விரிந்துகொண்டது. இரவிலும் இதே மடிப்புதான். அரை நிழலில் இலை பெரிது, பச்சை அடர்த்தி, பூவும் நிறைய. முழு நிழலில் தண்டு நீண்டு சாய்ந்தது, மொத்தமே இரண்டு பூ. இதன் உறவான ஆக்சாலிஸ் அசிட்டோசெல்லா ஐரோப்பியக் காடுகளின் ஆழ்ந்த நிழலிலும் வாழ்வதால், இதுவும் தாங்கும் என்று நினைத்திருந்தேன். உறவு வேறு, குணம் வேறு போல.

சரி, அரை நிழல்தான் என்று முடிவு கட்டிய வாரம், குழாயடியில் சிமெண்ட் வெடிப்பைப் பார்த்தேன். நான் விதைக்காத புளியாரை ஒன்று என் மூன்று தட்டுகளையும்விடச் செழிப்பாக நின்றது. பிடுங்கினேன், தண்டு மட்டும் கையோடு வந்தது. கணுவுக்குக் கணு வேர் விட்டிருந்த துண்டுகள் வெடிப்பிலேயே தங்கிவிட்டன. இன்று எண்ணினேன், ஏழு இடத்தில் துளிர்.